கழுவிய தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே திரும்பிவிட்டேன். எங்கள் ஊர் ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி மாதம் முழுக்கக் கூட்டம்தான். குத்துவிளக்கு, மணி, தட்டு, வேல் என்று பழைய பித்தளைச் சாமான்களுக்கு நிக்கல் பூசித் தர முடியுமா என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டடியில் ஒரு கொட்டகை இருக்கிறது. இருபது லிட்டர் வாளியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். பளபளப்பு நன்றாகவே வந்தது. கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். இப்போது அந்த வாழையின் இலை மஞ்சளாகிறது. எனக்கு விரல் இடுக்கில் சிவந்து அரிக்கிறது. எங்கள் கிணறு அங்கிருந்து நாற்பதடிதான். இரண்டரை வயதுக் குழந்தை இருப்பதால் மனைவி பயப்படுகிறாள். ‘உத்யம் சர்டிபிகேட் எடுத்தால் போதும்’ என்கிறார் ஒருவர். ‘பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்கிறார் இன்னொருவர். குரோம், தங்க கில்ட் செய்தால்தான் லாபம், அதற்கு சயனைடு வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நான் இந்தத் தொழிலைத் தொடங்கலாமா, கூடாதா?
— சு. வே., படவேடு

பதில்: அன்புள்ள சு. வே. அவர்களுக்கு,

முதலில் உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையில் உங்கள் குடும்பத்துக்குப் பெருங்கேடு எதுவும் வந்துவிடவில்லை. இருபது லிட்டர் வாளியிலிருந்து சாமான்களோடு ஒட்டி வெளியே போனது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களை யாரும் உடனே வந்து பிடித்துப் போகவும் மாட்டார்கள். ஆனால் அதே வேலையை வாரத்தில் ஆறு நாள், ஆடிக்கு ஆடி, பத்து வருடம் அதே வாழை மரத்தடியில் செய்தால் என் பதில் வேறாக இருக்கும். நல்லவேளையாக நீங்கள் வாளி அளவிலேயே கேட்டுவிட்டீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் முலாம் தொட்டிகளின் நடுவே காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிளேட்டிங் தொழிலை உலோகத் தொழில் என்று நினைப்பவர்கள் நஷ்டப்படுகிறார்கள். உண்மையில் இது தண்ணீர்த் தொழில். தொட்டியும் ரெக்டிஃபையரும் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தரும் கருவி) பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். ‘சாமானைக் கழுவிய தண்ணீர் எங்கே போகும்?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் வாங்க முடியாது. அந்தப் பதில் கையில் இருந்தால் தொழிலைத் தொடங்கலாம், இல்லையென்றால் கூடாது.

சரி, உங்கள் பயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாழை ஏன் மஞ்சளாகிறது?

நீங்கள் வாளியில் வைத்திருந்தது நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றும் சேர்ந்த கரைசலாக இருக்கும். உங்கள் பழைய கம்பெனியிலும் அதுதான் இருந்திருக்கும். 1916-இல் ஆலிவர் வாட்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த கலவை அது. உலகம் முழுக்க இன்றைக்கும் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மின்பகுளியில் (மின்சாரத்தைக் கடத்தும் உப்புக் கரைசல்) லிட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம் நிக்கல் கரைந்திருக்கும்.

இப்போது ஒரு குத்துவிளக்கின் அகலைத் தொட்டியிலிருந்து தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழியில் கொஞ்சம் தேங்கும், விளிம்பிலிருந்து சொட்டும், பின்பக்கத் திருகு மரைக்குள் கொஞ்சம் நிற்கும். நான்கைந்து அகல்களைக் கம்பியில் கோத்துத் தூக்கினால் அரை டீ கிளாஸ், அதாவது 50 மில்லி கரைசல், கூடவே வந்துவிடும். எங்கள் தொழிலில் இதை ‘டிராக் அவுட்’ (சாமானோடு ஒட்டி வெளியேறும் கரைசல்) என்போம். அந்த 50 மில்லியில் இருப்பது 4 கிராம் நிக்கல்.

4 கிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். குடிநீரில் நிக்கல் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அரை கிளாஸ் முழுவதும் கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரித் தண்ணீரில் சொன்னால் பதினாறு, பதினேழு லாரி. நீங்கள் ஊற்றியது எல்லாம் நேராகக் கிணற்றில் இறங்காது என்பது உண்மை. ஆனால் மண்ணுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்த பிறகு கீழேதான் இறங்கும்.

வாழை மஞ்சளாவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். வாடல் நோயாக இருக்கலாம், சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் நிக்கல் மிகுந்தால் செடியால் இரும்புச் சத்தைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இலை மாறும். சந்தேகம் இருக்கும்போது பாதுகாப்பின் பக்கம் நிற்பதே சரி. அந்த மரத்தின் காயையும் தண்டையும் சமைக்க வேண்டாம். அந்த இடத்து மேல்மண்ணில் குழந்தையை விளையாட விடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது நிக்கலைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு எல்லாம் பார்ப்பார்கள். நிக்கல் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது.

விரல் ஏன் அரிக்கிறது?

இது தொழிலாளிகளிடையே பழைய வியாதி. நிக்கல் சொறி என்போம். நிக்கல் உப்பு வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது. உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். பிறகு வாட்ச் பட்டையும் பெல்ட் பக்கிளும்கூட அரிக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு மறுபடியும் வாளியில் கை விடாதீர்கள். வேலூர் போகும் வழியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் பிரிவில் காட்டுங்கள். ‘நிக்கல் கரைசலில் வேலை செய்தேன்’ என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஏழு வருடம் கம்பெனியில் வராதது வீட்டில் இரண்டு நாளில் வந்துவிட்டதே என்று யோசிப்பீர்கள். அங்கே கையுறையும் புகைபோக்கியும் ஓடும் தண்ணீரும் இருந்திருக்கும். இங்கே வெறுங்கையும் வாளியும்தான்.

சயனைடு, குரோம் பற்றி

இந்த இரண்டிலும் நான் சமரசம் செய்ய மாட்டேன். வீட்டில் இரண்டையும் தொடக்கூட வேண்டாம்.

தங்கம், வெள்ளி முலாமுக்கு சயனைடு வந்த கதை பழையது. 1805-இல் இத்தாலியர் புருன்யாதெல்லி வோல்டாவின் மின்கலத்தை வைத்துத் தங்க முலாம் பூசிக் காட்டினார். பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் சயனைடு கரைசலுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சூடாக்குவார்கள். அந்த ஆவியை மூச்சில் வாங்கி மாண்டவர்கள் ஏராளம். ரச முலாமைவிடத் தேவலை என்றுதான் சயனைடு வந்தது. அதனால் அது சாது ஆகிவிடவில்லை. சயனைடு கரைசலில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழலாம். முலாம் வேலையில் அமிலத் தொட்டி (துரு நீக்கும் தொட்டி) கட்டாயம் பக்கத்திலேயே இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டடிக் கொட்டகையில் அந்த இரண்டையும் எவ்வளவு தூரம் விலக்கி வைப்பீர்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு தொட்டிகளின் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் ஓடியது. ஒருநாள் மாலை ஒருவர் அமிலத் தொட்டியைக் கழுவி ஊற்றினார். காலையில் சயனைடு தொட்டியிலிருந்து சொட்டிய நீர் அங்கே தேங்கி இருந்தது. கசப்பு வாதுமை வாசனை என்று புத்தகத்தில் படித்ததை அன்றைக்குத்தான் மூக்கால் அறிந்தேன். வாசனையை உணர முடிந்ததால் எல்லாரும் ஓடிப் பிழைத்தோம். பலருக்குப் பிறவியிலேயே அந்த வாசனை தெரியாது. அன்று அப்படி ஒருவர் மட்டும் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

குரோமும் அப்படித்தான். மஞ்சள் சிவப்பாக இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. நிக்கல் சேர்மங்களும் அதே வகையில்தான் இருக்கின்றன. குரோம் தொட்டியிலிருந்து எழும் தூறல் மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துவிடும். என் இடது ஆட்காட்டி விரலில் இன்றைக்கும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. வலிக்காமல் வந்த புண் அது, ஆற மூன்று மாதம் ஆயிற்று.

குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். உங்களுக்கு அண்டையிலேயே இருக்கும் இராணிப்பேட்டைக்குப் போனால் போதும். தோல் பதனிடும் ஆலைகளுக்குக் குரோம் உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை எழுபதுகளில் தொடங்கி தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப் போன ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு, ஆலையை மூடிப் பல ஆண்டுகள் கழித்தும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. தொழில் நடந்த காலத்தைவிட அதன் கழிவைப் பற்றிய கவலைக்கு ஆயுள் அதிகம். பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை வலியுறுத்தியது. மாசு செய்தவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்பது அது. பெரிய ஆலைக்கு மட்டுமல்ல, உங்கள் வாளிக்கும் அது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘உத்யம்’ பற்றி உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொன்னார். உத்யம் என்பது 2020 முதல் நடப்பில் உள்ள சிறுதொழில் பதிவு. இணையத்தில் கட்டணமில்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். வங்கிக் கடனுக்கும் அரசுச் சலுகைக்கும் உதவும். ஆனால் அது உங்கள் தொழிலுக்கு ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. முலாம் பூச அனுமதி ஆகாது.

அனுமதி வாங்க வேண்டிய இடம் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படியும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படியும் இரண்டு இசைவுகள் வேண்டும். கட்டுவதற்கு முன் ‘நிறுவும் இசைவு’ (தொழிலை அந்த இடத்தில் அமைக்க ஒப்புதல்). ஓட்டுவதற்கு முன் ‘இயக்கும் இசைவு’. தொழில்களை மாசின் அளவைப் பார்த்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிறங்களாகப் பிரிப்பார்கள். மின்முலாம் சிவப்பில் இருக்கிறது. தொட்டி சின்னது, ஒரே ஆள்தான் என்பதற்காக நிறம் மாறாது.

அடுத்தது உங்கள் ஊருக்கே உரிய சிக்கல். மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்களை ஆறு, ஓடை, அணை, ஏரிக் கரையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதிதாக வைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1989-இல் ஆணை (அரசாணை 213) போட்டது. 1998-இல் இன்னோர் ஆணை காவிரி, பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை 5 கி.மீ. ஆக்கியது. உங்கள் ஊரோ ஜவ்வாது மலையடிவாரம். கமண்டல நதி ஊர்ப் பக்கமாகப் போகிறது, மேலே செண்பகத்தோப்பு அணை நிற்கிறது. அந்த நதி செய்யாற்றில் சேர்ந்து, செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. உங்கள் கொட்டகையிலிருந்து போகும் சொட்டுக்கு இவ்வளவு நீண்ட பயணம் இருக்கிறது. ஆகவே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் உங்கள் நிலத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ‘இந்த எண்ணில் மின்முலாம் வைக்க முடியுமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். ‘முடியாது’ என்ற பதிலுக்கே உங்கள் மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். எனக்குத் தெரிந்தவரை அதுதான் கிடைக்கும்.

இன்னும் சில:

முலாம் தொட்டியின் அடியில் தங்கும் சேறும், கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேறும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதற்குத் தனி அங்கீகாரம் வேண்டும். மழை படாமல் பூட்டி வைக்க வேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோல அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். குப்பை வண்டியில் போட முடியாது.

ஊராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. தொழில் கட்டண வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமிலத்தைக் கடையில் வாங்க ஒளிப்பட அடையாள அட்டை காட்டி, காரணம் சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. சயனைடு 1919-ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டத்தின் கீழ் வருவது. ‘தெரிந்த கடையில் சும்மா வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அவரோடு சகவாசம் வேண்டாம்.

அப்படியானால் என் கைத்தொழில் வீணா?

இல்லை தம்பி. இங்கேதான் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. கோயில் கடைக்காரர் கேட்டது பளபளப்பு. நிக்கல் என்று அவர் சொன்னது பழக்கத்தில் வந்த வார்த்தை. முலாம் வேலையின் அழகு பெரும்பாலும் முலாமுக்கு முன்னால் நடக்கிற வேலையில்தான் இருக்கிறது. நிக்கல் படலத்தின் தடிமனைப் பாருங்கள். ஒரு சதுர டெசிமீட்டர் (உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பு) பித்தளைக்கு ஓர் ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் 12 மைக்ரான்தான் ஏறும். தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட வராது. அடியில் கீறல் இருந்தால் மேலே அப்படியே தெரியும். கீறலை எடுப்பது பஃப் மோட்டாரும் (துணிச்சக்கரத்தைச் சுழற்றி மெருகேற்றும் கருவி) உங்கள் கையும்தான்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. பழைய சாமானை வாங்குங்கள். ஒடுக்கு எடுங்கள், உடைந்ததைப் பற்றவையுங்கள், பஃப் போட்டு மெருகேற்றுங்கள். நிக்கல் கேட்பவருடைய சாமானை மட்டும் சேர்த்து வைத்து, வாரம் ஒருமுறை, இசைவு பெற்ற பிளேட்டிங் கூடத்துக்கு ஜாப் வொர்க்காக (கூலிக்குச் செய்து வாங்குவது) அனுப்புங்கள். நீங்கள் வேலை பார்த்த ஊரிலேயே ஆட்களைத் தெரிந்திருக்குமே. அனுப்பும் கூடத்தின் இசைவு நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் லாபத்தில் ஒரு பங்கு அங்கே போகும். அதோடு கழிவுநீர்த் தலைவலியும் அங்கேயே போய்விடும்.

பித்தளை நிறமே போதும் என்பவருக்கு மெருகேற்றித் தெளிவான லாக்கர் (காற்றுப் படாமல் காக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) அடித்துக் கொடுக்கலாம். விளக்கின் தண்டுக்கும் பீடத்துக்கும் மட்டும் அடியுங்கள். அகலுக்கும் திரி எரியும் முகத்துக்கும் அடித்தால் முதல் நாளே கருகி நாறும். வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டுவார்.

சமையலுக்கும் தீர்த்தத்துக்கும் பயன்படும் பாத்திரங்களுக்கு நிக்கல் வேண்டாம். அதற்கு நம் வீதிகளில் ‘ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு வந்தவர்களின் வேலையே சரி. பெயர்தான் ஈயம், பூசுவது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரங்களை மறுபடி தேடி வாங்கும் காலம் இது. பூச ஆள்தான் இல்லை. சுத்தமான வெள்ளீயத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சால்டர் கம்பியை உருக்கிப் பூசினால் அதில் கலந்திருக்கும் காரீயம் சாப்பாட்டில் இறங்கும். நவச்சாரம் போடும்போது எழும் புகை நெஞ்சை அடைக்கும் என்பதால் வெட்டவெளியில், காற்றின் மேல்பக்கம் நின்று செய்யுங்கள்.

பஃப் மோட்டாரும் விளையாட்டுச் சாமான் இல்லை. தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, அரைஞாண் போல் நீளும் கயிறு எதுவும் சக்கரத்துக்கு அருகில் வரக் கூடாது. கண்ணாடியும் தூசிக்கான முகமூடியும் போடுங்கள். சக்கரத்தின் கீழ்ப்பாதியில் சாமானைப் பிடியுங்கள். மேல்பாதியில் பிடித்தால் முகத்துக்கு நேராகப் பறக்கும். அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் தொல்லை என்பதால் இரவில் ஓட்டாதீர்கள். இதற்கும் ஊராட்சி உரிமம் வாங்குங்கள். வாரிய அலுவலகத்துக்குப் போகும் அன்றே இதற்கும் இசைவு வேண்டுமா என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

பிறகு பிளேட்டிங் கூடம் வைக்கவே வேண்டும் என்றால்?

இரண்டு மூன்று வருடம் கழித்துக் கையில் வாடிக்கையும் முதலும் சேர்ந்தால், வீட்டில் அல்ல, ஒரு தொழிற்பேட்டையில் இடம் பாருங்கள். அதற்கு முன் காரைக்குடி போய் வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. முலாம் பூசும் கலைக்கு நம் நாட்டில் அதுதான் தலைமைப் பள்ளி. சயனைடு இல்லாத கரைசல்களைப் பற்றிக் கேட்க வேண்டிய இடமும் அதுவே.

கூடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் அடையாளம் சொல்கிறேன். தொட்டியை எண்ணாதீர்கள், கழுவும் தொட்டியை எண்ணுங்கள். நல்ல கூடத்தில் நிக்கல் தொட்டிக்கு அடுத்துத் தண்ணீர் ஓடாத ஒரு ‘மீட்புத் தொட்டி’ இருக்கும். சாமானை நிக்கலிலிருந்து தூக்கி, முப்பது எண்ணும் வரை மேலேயே பிடித்துச் சொட்டவிட்டு, பிறகு அதில் முக்குவார்கள். நிக்கல் தொட்டி 50, 60 டிகிரி சூட்டில் இருப்பதால் நாள் முழுக்க ஆவியாகிக் குறையும். அந்தக் குறைவை மீட்புத் தொட்டியின் நீரை ஊற்றியே நிரப்புவார்கள். போன நிக்கல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டு கழுவும் தொட்டிகள் இருக்கும். புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து முன்தொட்டிக்கு வழியும். சாமான் ஒரு திசையில் போக, தண்ணீர் எதிர்த்திசையில் வரும். கடைசியில் மிஞ்சுவதில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை (பி.எச்.) 9-க்கு மேல் ஏற்றினால் நிக்கல் பச்சைச் சேறாகப் படியும். மேலே தெளிந்த நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக நிக்கல் இருந்தால்தான் அதை வெளியே விடலாம். நல்ல தண்ணீர் கலந்து அந்த அளவுக்கு நீர்க்கச் செய்வது சுத்திகரிப்பு ஆகாது.

தரைக்கு அமிலம் தாங்கும் ஓடு, கசிந்தாலும் வெளியே ஓடாத தொட்டிக்கட்டு, தொட்டியின் விளிம்பிலேயே புகையை இழுக்கும் குழாய், ஈரத்தரையில் மின்கசிவைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி., கண் கழுவும் குழாய், சாப்பாட்டுக்குத் தனி அறை. இவை இல்லாத இடத்துக்கு வேலைக்குக்கூடப் போகாதீர்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதவிக்கு வரும் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று: வாளியில் மீதி இருக்கும் கரைசலை எங்கேயும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, ‘நிக்கல் கரைசல் — நஞ்சு’ என்று பெரிதாக எழுதிப் பூட்டுங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் வேண்டவே வேண்டாம். இளம்பச்சையாக, சர்பத் போலவே இருக்கும். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். அந்தக் கரைசலை எப்படி ஒப்படைப்பது என்று வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு: வேலை செய்த துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்று: தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு: கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். முடிவில் நிக்கல் வரம்புக்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். மீறியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த வழி சொல்கிறேன்.

ஐந்து: சர்வே எண்ணோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் போய் வாருங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் பஃபிங், பழுதுபார்ப்புத் தொழிலுக்கு என்ன கடனுதவி இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

‘தொடங்கலாமா, கூடாதா’ என்று கேட்டீர்கள். படவேட்டில், வீட்டுக் கொட்டகையில், கிணற்றுக்கு நாற்பதடியில், மின்முலாம் கூடாது. மெருகும் பழுதும் ஈயமும் தாராளமாகத் தொடங்கலாம். ஆடிக்குள் பஃப் மோட்டாரை இறக்கிவிட்டால் கடைக்காரர்களே உங்களைத் தேடி வருவார்கள். தண்ணீர்ச் சோதனை முடிவை மறக்காமல் எழுதுங்கள்.